கோவையிலிருந்து அக்காவுக்கு சம்மன்: இனி என்ன நடக்கும்?

சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். கணவர் வீடு கோவை. இரண்டு வருடத்துக்கு மேலாக அக்கா நான்கு வயது மகளோடு பிறந்த வீட்டில்தான் இருக்கிறார். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கி அத்துவிட்டுவிடலாம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் கோவை குடும்பநல நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்துவிட்டது. இனி என்ன செய்வது, எத்தனை வருடம் இழுக்கும், ஜீவனாம்சம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

தம்பி, நான் வக்கீல் இல்லை. மாவட்ட நீதிமன்றங்களில் பெஞ்ச் கிளார்க்காகவும் பிறகு சிரஸ்ததாராகவும், அதாவது தலைமை எழுத்தராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். வாதாடும் நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் கட்டு, அதாவது வழக்குக் கோப்பு, எங்கே போகிறது, எந்த மேசையில் எதனால் நிற்கிறது என்பது தெரியும். அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வெளியில் "விவாகரத்து கேஸ்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே அது நாலைந்து தனித்தனிக் கட்டுகள். கல்யாணத்தை ரத்து செய்வது ஒன்று. மாதாமாதம் பணம் கேட்பது இன்னொன்று. குழந்தை யாரிடம் என்பது ஒன்று, நகையும் சீர்வரிசையும் ஒன்று. அடிதடி, மிரட்டல் இருந்தால் அது தனி. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, சில நேரம் கோர்ட்டே வேறு. வீட்டுக்காரர் கோவையில் போட்டிருப்பது முதல் கட்டு மட்டும்தான். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே மற்றக் கட்டுகளை உங்கள் ஊரில் அக்கா திறக்க முடியும். நான் பார்த்தவரை பெண் வீட்டார் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். அந்த ஒரு சம்மனுக்கே ஓடி ஓடி ஓய்ந்து, தாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமலே இரண்டு வருடத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

சரி, ஸ்டாம்ப் பேப்பர் விஷயத்தை முடித்துவிடுவோம். இந்து திருமணச் சட்டம், 1955ன்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றத்தின் டிகிரிதான், அதாவது தீர்ப்பாணைதான் ரத்து செய்யும். நோட்டரி முத்திரை வைத்தாலும், நாட்டாமை முன்னால் கையெழுத்துப் போட்டாலும், ஸ்டேஷனில் வைத்து எழுதிக்கொடுத்தாலும் கல்யாணம் அப்படியேதான் இருக்கும். சில சமூகங்களில் வழக்கப்படி அத்துவிடுவது உண்டு, அந்த வழக்கத்தைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு காப்பாற்றவும் செய்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்பதை, சொல்கிறவர் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். பெரும்பாலும் நிரூபிக்க முடியாது. அந்தப் பேப்பரை நம்பி இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது, இருதார மணம் என்று குற்ற வழக்கும் வரும்.

அந்தப் பேப்பரில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு மாதாந்திர ஜீவனாம்சம் கிடையாது என்று ஜீவனாம்சப் பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிகிறோம்" என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியிருந்தால், கல்யாணத்தை ரத்து செய்ய அது உதவாது. ஆனால் ஜீவனாம்ச வழக்கில் எதிர்த்தரப்பு ஆவணமாக வந்து நிற்கும். ஆகவே அக்காவை எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே விவாகரத்து ஆகிவிடும் என்பதும் கட்டுக்கதை. ஏழு வருடம் உயிரோடு இருக்கிறாரா என்றே தகவல் இல்லாதவருக்கான பிரிவு அது.

இனி சம்மன். உறையைப் பிரித்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி, கூடவே மனு நகல் வந்திருக்கிறதா என்பது. வழக்கு எண் 'ஹெச்.எம்.ஓ.பி.' என்று தொடங்கி ஏதாவது ஒரு எண், வருடம் என்று இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, என்ன நிலை என்பதெல்லாம் தெரியும். அதிலேயே 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் வரும், அதைக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாய்தா தேதி கேட்கவே கோவைக்கு பஸ் ஏறியவர்கள் இருந்த காலம் ஒன்று உண்டு.

சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பினால் கேஸ் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோர்ட் தபாலை வாங்க மறுத்தால் சார்வு ஆனதாகவே, அதாவது சம்மன் கையில் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆள் இல்லை என்று திரும்பினால் வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், பேப்பரில் விளம்பரம் போடுவார்கள். அதன் பிறகு கூப்பிட்ட அன்று ஆள் இல்லை என்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் பக்கத்தைக் கேட்காமலே வழக்கு நடக்கும்.

அந்தக் காட்சியைச் சொல்கிறேன், நாள்தோறும் நடப்பது. காலை பத்தரைக்கு நீதிபதி அமர்ந்ததும் பெஞ்ச் கிளார்க் எண்ணையும் பெயரையும் வாசிப்பார். கோர்ட் சேவகரான டவாலி வாசலுக்குப் போய் உரக்க மூன்று முறை கூப்பிடுவார். பதில் இல்லை என்றால் கட்டின் மேல் ஒரு வரி எழுதப்படும்: "எதிர்மனுதாரர் அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை, ஒருதலைப்பட்சமாக்கப்பட்டது." முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் எதிர்மனுதாரர் மரத்தடியில் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். வக்கீல் "வருவார், பாஸ் ஓவர் கேட்டுக்கிறேன்" என்று, அதாவது சற்று நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வேறு கோர்ட்டுக்குப் போயிருப்பார். ஆகவே எந்த வக்கீலை வைத்தாலும், வாய்தா அன்று உங்கள் எண் வரும்வரை கோர்ட் ஹாலை விட்டு நகராதீர்கள்.

எக்ஸ்பார்ட்டி டிகிரியே ஆகிவிட்டாலும் வழி மூடிவிடவில்லை. அதை ரத்து செய்யச் சொல்லி 30 நாளுக்குள் மனுப் போடலாம். சம்மன் முறையாக வந்து சேரவே இல்லை என்றால் டிகிரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். தாமதத்துக்குத் தனியாக மன்னிப்பு மனு வேண்டியிருந்தால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டிவரும். அந்தத் தலைவலி எதற்கு?

அப்புறம் மனு நகல். அதை அப்பாவிடம் உடனே கொடுக்காதீர்கள். ஏனென்றால் கொடுமை என்ற காரணத்தில் போடும் மனுக்களில் பாதி ஒரே அச்சில்தான் இருக்கும். சமைக்கத் தெரியாது, மாமியாரை மரியாதை இல்லாமல் பேசினாள், தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டினாள், தனிக்குடித்தனம் கேட்டாள். படித்துவிட்டு வீட்டில் யாராவது கொதித்துப்போய் போன் போட்டுத் திட்டினால் அந்தப் பேச்சே அடுத்த ஆவணம். கணவன் மனைவி பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் அதைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. ஆகவே அக்கா இனி அவரிடம் பேசுவதென்றால் நீதிபதி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டே பேச வேண்டும்.

மனுவுக்குப் பதிலாக 'கவுண்டர்' போட வேண்டும், அதாவது எதிருரை. பாரா பாராவாக எது உண்மை, எது பொய் என்று அதில் பதில் இருக்க வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதனால் வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்ததை அக்கா முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். கவுண்டர் எழுதுவதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்கு அக்கா மனதில் பதில் வேண்டும்: சேர்ந்து வாழ விருப்பமா, இல்லையா? அதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களோ அப்பாவோ இல்லை. "சேர்ந்து வாழத் தயார்" என்று கவுண்டரில் எழுதிவிட்டு, கோர்ட் ஆலோசகரிடம் "அவன் முகத்திலேயே முழிக்க மாட்டேன்" என்று சொன்னால் வழக்கு கந்தலாகிவிடும். அக்காவுக்கும் விவாகரத்துதான் வேண்டும், ஆனால் தப்பு அவர் பேரில் என்றால், அதே வழக்கிலேயே எதிர்க்கோரிக்கை வைக்க இந்து திருமணச் சட்டத்தின் 23ஏ பிரிவில் இடமிருக்கிறது.

கோவைக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டுமா? வேண்டியதில்லை. வக்காலத்து, அதாவது வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், போட்டுவிட்டால் சாதாரண வாய்தாக்களை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆலோசனை, சமரசப் பேச்சு, சாட்சி சொல்லும் நாள் இவற்றுக்குத்தான் அக்கா நேரில் தேவை. குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984ன்படி அங்கே வக்கீல் வைப்பது உரிமை இல்லை, நீதிமன்றம் அனுமதித்தால் வைக்கலாம். நடைமுறையில் அதற்கொரு மனுவைச் சேர்த்துப் போடுகிறார்கள், அனுமதியும் கிடைக்கிறது.

நான்கு வயதுப் பிள்ளையோடு ராத்திரி பஸ்ஸில் சிதம்பரத்திலிருந்து கோவைக்குப் போய்வருவது கஷ்டம் என்றால், வழக்கை உங்கள் பக்கத்துக்கு மாற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மாற்றல் மனு போடலாம். மனைவியின் வருமானம், குழந்தையின் வயது, தூரம், துணைக்கு வர ஆள் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். பொதுவாகப் பெண்ணின் சிரமத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் செலவும் நாலைந்து மாதக் காத்திருப்பும் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். 2003ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம். கணவர் முந்திக்கொள்ளும் முன்பே அக்கா போட்டிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது. வாசிக்கும் மற்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எல்லா ஊரிலும் குடும்பநல நீதிமன்றம் கிடையாது. அதன் எல்லைக்குள் வராத ஊர்களில் இந்து திருமண மனுக்களைச் சார்பு நீதிமன்றம், அதாவது சப் கோர்ட் விசாரிக்கிறது. அந்த ஊர்களில் ஜீவனாம்ச வழக்கு மட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும்.

இப்போது பணம். தம்பி, என்னைக் கேட்டால் முதலில் போட வேண்டிய மனு இதுதான். இரண்டு வழி இருக்கிறது. கோவையில் நடக்கும் வழக்கிலேயே இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. அதன்கீழ் அக்கா தான் வசிக்கும் ஊரிலேயே தனக்கும் மகளுக்கும் சேர்த்து வழக்குப் போடலாம். இரண்டாவது வழியில் கணவர்தான் கோவையிலிருந்து சிதம்பரம் பக்கம் வர வேண்டியிருக்கும். சமரசப் பேச்சில் இது எத்தனை தூரம் வேலை செய்யும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

நோட்டீஸ் சார்வான 60 நாளில் இடைக்கால மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்குள் முடியாது, ஆனால் வக்கீல் அதைக் காட்டி அழுத்தம் கொடுக்கலாம். 2020ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு காரியம் செய்தது. ஒன்று, இரண்டு தரப்பும் சம்பளம், கடன், வங்கிக் கணக்கு, சொத்து எல்லாவற்றையும் ஒரு குறிப்பிட்ட படிவத்தில் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். இன்னொன்று, தீர்ப்பு எப்போது வந்தாலும் மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். அதனால்தான் சொல்கிறேன், மனுப் போடுவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அக்காவுக்கு நஷ்டம்.

அந்த வாக்குமூலத்தில் அக்காவும் உண்மையை எழுத வேண்டும். டியூஷன் எடுக்கிறார், தையல் வேலை செய்கிறார் என்றால் எழுதிவிடுங்கள். சிறிய வருமானம் இருப்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படுவதில்லை. மறைத்தது குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால்தான் மற்ற எல்லாப் பேச்சும் நம்பிக்கை இழக்கும். எவ்வளவு கிடைக்கும் என்றால், சம்பளத்தில் கால்வாசி என்று எல்லோரும் சொல்வார்கள். 2017ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று சொன்னதிலிருந்து பரவிய பேச்சு அது. எல்லா வழக்குக்கும் பொருந்தும் விதி கிடையாது. கணவரின் உண்மையான வருமானம், அவரை நம்பி இருக்கும் பெற்றோர், குழந்தையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்துத்தான் நீதிபதி ஒரு தொகைக்கு வருவார். சம்பளச் சீட்டு கிடைக்காவிட்டால், அவர் வேலை பார்க்கும் இடம், வாகனம், வீட்டு வாடகை, கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்த உத்தியோகம் எல்லாமே உதவும். பத்திரிகையில் "சொந்தத் தொழில்" என்று பெரிதாக அச்சடித்துவிட்டு, கோர்ட்டில் "கூலி வேலை, நாளைக்கு முந்நூறு" என்று சொன்னவர்களின் கட்டுகளைத் தூக்கிச் சுமந்திருக்கிறேன்.

உத்தரவு வந்தும் பணம் கட்டவில்லை என்றால், பாக்கிக்கு நிறைவேற்று மனு போட வேண்டும். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கலாம். ஆனால் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் கேட்டால்தான் அந்த வாரண்ட் வழி. "எப்படியும் தருவான்" என்று மூன்று வருடம் விட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் ஏராளம். கணவர் 'சேர்ந்து வாழ' இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் டிகிரி வாங்கி, மனைவி போகாமல் இருந்தாலும், போகாததற்குத் தக்க காரணம் இருந்தால் ஜீவனாம்சம் உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த 9ஆம் பிரிவு மனுவைப் பார்த்து "திருந்திவிட்டார், கூப்பிடுகிறார்" என்று மகிழ்ந்துபோகிறவர்களும் உண்டு. அந்த டிகிரி கிடைத்து ஒரு வருடம் சேராமல் இருந்தால் அதையே காரணமாக வைத்து விவாகரத்து கேட்கலாம். கூப்பிடுவது எதற்கென்று பார்த்துவிட்டு மகிழலாம்.

அடி, மிரட்டல், வீட்டை விட்டுத் துரத்தியது போன்றவை இருந்தால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவரிடம் மனுக் கொடுத்தால் அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்புவார். தங்குமிடம், பணம், பாதுகாப்பு மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

அனைத்து மகளிர் காவல் நிலையம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1992ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் வந்ததிலிருந்து நம் ஊரில் குடும்பச் சண்டை என்றால் முதலில் அங்கேதான் போகிறார்கள். புகார் கொடுத்தால் மனு ரசீது கேட்டு வாங்குங்கள், அதுவே பின்னால் ஓர் ஆவணம். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், சில குடும்பங்கள் அங்கேயே ஒன்றாகிப் போவதும் உண்டு. ஆனால் விவாகரத்து கொடுக்கவோ, ஜீவனாம்சம் நிர்ணயிக்கவோ நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. வரதட்சணைக் கொடுமைப் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆக இருக்கிறது. நடந்திருந்தால் தாராளமாகக் கொடுங்கள். பயமுறுத்தப் பேரம் பேசும் ஆயுதமாக, கல்யாணத்துக்கு மட்டும் வந்துபோன நாத்தனார் வரை எல்லாரையும் சேர்த்து எழுதினால் உண்மையான புகாரும் சேர்ந்தே நீர்த்துப்போகும்.

நகை, சீர்வரிசைக்குப் பில் எங்கே என்று கேட்பார்கள். பல வீடுகளில் பில் இருக்காது. நிச்சயதார்த்தத்தின்போது எழுதி இரு வீட்டாரும் கையெழுத்திட்ட சீர் பட்டியல், பாத்திரக்கடை ரசீது, நகைக்கடைச் சீட்டுப் புத்தகம், அடகு வைத்திருந்தால் அந்த ரசீது, கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஆல்பத்தில் மணப்பெண் கழுத்தில் எத்தனை ஆரம், கையில் எத்தனை வளையல் என்று வக்கீல்கள் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். மொய் நோட்டுகூட ஆவணமாக வந்திருக்கிறது. தம்பதிக்குக் கல்யாணத்தில் கொடுத்த பொருள்கள் பற்றி இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் அதே நீதிமன்றம் உத்தரவிடலாம். வாட்ஸ்அப் செய்தி, ஆடியோ போன்றவற்றைக் கொடுத்தால் அதற்கென்று ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், பழைய போனைத் தூக்கி எறியாதீர்கள்.

குழந்தை விஷயத்தில் உங்கள் பக்கம் ஓரளவு தெம்பு இருக்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956 சொல்கிறது. அதற்குப் பிறகும் குழந்தையின் நலன்தான் அளவுகோல். ஆனால் அப்பா பார்க்கவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் அது அக்காவுக்கே எதிராகத் திரும்பும். பார்க்கும் நாள், இடம், நேரம் நீதிமன்றம் வகுத்துக் கொடுக்கும். அந்த நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், போகும்போது "அப்பாவோடு பேசாதே" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். நீதிபதி அறையில் தனியாகக் கேட்டால் பிள்ளை எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிடும்.

எத்தனை வருடம் இழுக்கும்? எதிர்த்து நடத்தினால் மூன்று முதல் ஐந்து வருடம் சாதாரணம். கவுண்டருக்கு வாய்தா, ஆலோசனைக்கு வாய்தா, இடைக்கால மனுக்களுக்கு வாய்தா, பிறகு மனுதாரர் சாட்சி, குறுக்கு விசாரணை, எதிர்மனுதாரர் சாட்சி, வாதம் என்று போகும். இதில் மாதக்கணக்கில் நிற்கும் இடம் குறுக்கு விசாரணை. பேட்டா, அதாவது நோட்டீஸ் அனுப்பும் கட்டணம், கட்டாமல் நோட்டீஸே போகாமல் ஆறு மாதம் கிடந்த கட்டுகளும் உண்டு. உங்கள் பக்க மனு எதுவாக இருந்தாலும் பேட்டா கட்டியாயிற்றா, பிழை என்று ரிட்டர்ன் ஆன மனுவைச் சரிசெய்து திரும்பக் கொடுத்தாயிற்றா என்று வக்கீல் குமாஸ்தாவிடம் கேளுங்கள். வக்கீலைவிட அவருக்குத்தான் தெரியும்.

இருவரும் ஒத்துக்கொண்டால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இரண்டாவது கட்ட விசாரணைக்கும் இடையே ஆறு மாதம். இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுப் போடும் முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருந்து, சமரச முயற்சி தோற்று, பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். அக்கா இரண்டு வருடத்துக்கு மேல் பிரிந்திருப்பதால், பேச்சு முடிந்தால் இதைக் கேட்கலாம். "மனது ஒட்டாது, இனி சேரவே முடியாது" என்ற ஒரே காரணத்துக்காகக் கல்யாணத்தை ரத்து செய்யும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான், 2023ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. கோவை நீதிபதியிடம் அதைக் கேட்டுப் பயனில்லை.

சமரச ஒப்பந்தம் எழுதும்போதுதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இரண்டாவது கட்டத்துக்கு முன்பு யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொடுப்பதும் தப்பு, கடைசி நாள் வரை ஒன்றுமே வாங்காமல் இருப்பதும் தப்பு. முதலில் ஒரு பகுதி, மீதி இறுதி விசாரணை அன்று நீதிபதி முன்பு டி.டி.யாக. நகையை எடை போட்டு, எண்ணி, பட்டியலோடு வாங்குங்கள். குழந்தையின் பணத்தைத் தனியாக எழுதச் சொல்லுங்கள், அம்மா எழுதிக்கொடுத்ததால் பிள்ளையின் உரிமை போய்விடாது. போலீஸ் வழக்கு நடந்துகொண்டிருந்தால், அது விவாகரத்தோடு சேர்ந்து தானாக முடியாது. 498ஏ போன்றவற்றை நம் மாநிலத்தில் கீழ்க்கோர்ட்டில் ராஜியாக முடிக்க முடியாது, உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி உண்டு. சிதம்பரத்திலேயே கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசியில் 15100. பெண்களுக்கான உதவி எண் 181. சமரசத்துக்குக் கோர்ட்டோடு இணைந்த சமரச மையங்கள் இருக்கின்றன. இந்தியாவிலேயே முதலாவது 2005ல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. அங்கே பேசியதை வழக்கில் யாரும் சாட்சியாகக் காட்ட முடியாது என்பதால், ஊர்ப் பஞ்சாயத்தைவிட அங்கே மனம்விட்டுப் பேசலாம்.

நான் சொன்னதெல்லாம் இந்துக்களுக்கான சட்டம். மாலை மாற்றிச் சுயமரியாதைக் கல்யாணம் செய்தவர்களுக்கும் இதுவே, இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967ல் கொண்டுவந்த 7ஏ பிரிவால் அந்தக் கல்யாணம் செல்லும். கிறித்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுக் கல்யாணத்துக்கு 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இஸ்லாமியப் பெண்கள் ஜமாத்தில் குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்துச் சான்றிதழ் வாங்கினால் போதாது, குடும்பநல நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023ல் சொல்லியிருக்கிறது.

டிகிரி வந்த பிறகு ஒரு விஷயம். மேல்முறையீட்டுக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள். எதிர்த்து நடந்த வழக்கு என்றால் மறுமணத்துக்கு 90 நாளும் தாண்டட்டும், தாண்டியதும் அப்பீல் எதுவும் போடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகல் மனு போட்டுத் தீர்ப்பு, டிகிரி இரண்டிலும் சான்றிட்ட நகல் நாலைந்து செட் வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்க, பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை எடுக்க, பிள்ளையின் பள்ளிக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள். சில வருடம் கழித்து வந்தால் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும், தேடி எடுத்து நகல் கொடுக்க மாதக்கணக்கில் ஆகும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: சம்மனோடு வந்த மனுவை இரண்டு நகல் எடுங்கள், வாய்தா தேதியைச் செயலியில் சரிபாருங்கள், கோவையில் வக்காலத்து போட ஏற்பாடு செய்யுங்கள், உங்கள் ஊரில் ஜீவனாம்ச மனுவைத் தயார் செய்யச் சொல்லுங்கள். வக்காலத்தில் கையெழுத்திடும்போது நிரப்பாத தாள்களில் எதிலும் அக்கா கையெழுத்திட வேண்டாம்.